அடுத்தவன் டெக்கா, சொந்த டெக்கா?

கார்டு கேம் ஆடுகிற கூட்டம் எங்கே கூடினாலும் ஒரு சண்டை தவறாமல் வரும். இணையத்தில் ஜெயித்த டெக்கைப் பார்த்து, அட்டைக்கு அட்டை அப்படியே அடுக்கிக்கொண்டு வருகிறவனை "காப்பி அடிச்சுட்டு வந்துட்டான்" என்பார்கள். யாரும் தொடாத அட்டைகளை வைத்துச் சொந்தமாக ஒரு டெக் கட்டிக்கொண்டு வந்து, முதல் சுற்றிலேயே தோற்கிறவனை "காமெடி டெக்" என்பார்கள். ஜெயித்தவனுக்கும் மரியாதை இல்லை, தோற்றவனுக்கும் மரியாதை இல்லை! பரீட்சையில் பிட் அடித்தவனையும், சொந்தமாகக் கதை எழுதி ஃபெயில் ஆனவனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துத் திட்டுகிற மாதிரி.

இந்தச் சண்டையில் இரண்டு கட்சியும் தப்பான ஆளைத் திட்டுகிறது. ஒரே டெக் எல்லா மேசையிலும் உட்கார்ந்திருக்கிறது என்றால், ஆடுகிறவனின் சோம்பேறித்தனம் அதற்குக் காரணம் கிடையாது. விதியைப் போடுகிறவர்களையும் போட்டியை நடத்துகிறவர்களையும்தான் கேட்க வேண்டும். புதுசாக யோசிப்பதில் லாபம் இருந்தால் யோசிக்கிறவன் தானாக வருவான். வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க நம்ம தோல் தொழிலின் கதையே போதும். அதற்கு முன்னால், இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம்.

ஆட்டம் என்ன?

டிரம்ப் கார்டு எல்லோருக்கும் தெரியும். மல்யுத்த வீரர் படம், பக்கத்தில் உயரம், எடை, ரேங்க். யாருடைய எண் பெரிசோ அவனுக்கு அட்டை. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, கைக்கு வந்ததை வைத்து ஆட வேண்டியதுதான்.

டிரேடிங் கார்டு கேம் என்பது வேறு ஜாதி. 1993-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்கிற கணிதக்காரர் 'மேஜிக்: தி கேதரிங்' என்ற ஆட்டத்தை உருவாக்கினார். வெளியிட்டது விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம். 1996-இல் ஜப்பானில் போகிமான் அட்டைகள் வந்தன, 1999-இல் யு-கி-ஓ. இவற்றில் ஒவ்வொரு அட்டைக்கும் தனி வேலை உண்டு. ஒன்று எதிரியைத் தாக்கும், ஒன்று இன்னும் அட்டை எடுக்க விடும், ஒன்று எதிரி போட்டதை ரத்து செய்யும். ஆயிரக்கணக்கான அட்டைகளிலிருந்து நமக்கு வேண்டியதை நாமே பொறுக்கி ஒரு கட்டு செய்துகொள்ள வேண்டும். அந்தக் கட்டுதான் டெக். மேஜிக்கில் குறைந்தது 60 அட்டை, அடிப்படை நில அட்டைகளைத் தவிர ஒரே அட்டை 4-க்கு மேல் கூடாது. போகிமானில் சரியாக 60. யு-கி-ஓவில் குறைந்தது 40, ஒரே அட்டை 3 வரை.

ஆக, பாதி ஆட்டம் மேசைக்கு வருவதற்கு முன்பே வீட்டில் முடிந்துவிடுகிறது. எதிரில் வருகிறவர்கள் எந்த டெக்கோடு வருவார்கள் என்று கணக்குப் போட்டு நம் டெக்கைக் கட்டுகிறோம். அந்தக் கணக்குக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'மெட்டா'. அந்தந்தக் காலத்தில் அதிகம் ஜெயிக்கிற டெக்குகள் மெட்டா டெக்குகள். அவற்றை இணையத்திலிருந்து எடுத்து ஆடுவது 'நெட்டெக்'. சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜெயிக்கிற டெக் எங்கிருந்து வருகிறது?

மெட்டா டெக்கைத் திட்டுகிறவர்கள் மறக்கிற ஒரு விஷயம், அதையும் ஒருவர் சொந்தமாக யோசித்துத்தான் கட்டியிருக்கிறார் என்பது.

1995-இல் மேஜிக்கில் 'நெக்ரோபோடன்ஸ்' என்று ஒரு அட்டை வந்தது. அதைப் போட்டால் வழக்கமாக ஒவ்வொரு முறையும் எடுக்கும் அட்டையை எடுக்க முடியாது. அதற்குப் பதில் உங்கள் உயிர்ப் புள்ளியைக் கொடுத்து, ஒரு புள்ளிக்கு ஒரு அட்டை என்று வாங்கிக்கொள்ளலாம். எல்லோரிடமும் இருப்பது 20 உயிர்தான். அதை யாராவது தானே குறைத்துக்கொள்வானா? நிறையப் பேர் உதவாத அட்டை என்று ஒதுக்கினார்கள். ஆனால் சிலர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இருபதில் பத்துப் போனாலும் நான் சாகவில்லை, கையில் பத்து அட்டை கூடுதலாக இருக்கிறது, அப்புறம் எதிரி என்ன செய்வான்? 1996 கோடை முழுக்க அந்தக் கறுப்பு டெக் போட்டிகளை ஆட்டிப்படைத்தது. அந்தப் பருவத்துக்கு இன்றைக்கும் 'கறுப்புக் கோடை' என்றுதான் பெயர்.

கவனியுங்கள், அதைக் கண்டுபிடித்தவர்கள் படைப்பாளிகள். ஆறு மாதம் கழித்து அதையே ஆடியவர்கள் காப்பிக்காரர்கள். அட்டைகள் மட்டும் அதேதான் :) நேற்றைய சொந்த டெக்தான் இன்றைய மெட்டா டெக். ஆகவே "மெட்டா என்றால் மூளை இல்லாதது" என்பது சரித்திரப்படியே பொய்.

இன்னொன்று, இணையம் வந்த பிறகு கண்டுபிடிப்புக்கும் காப்பிக்கும் நடுவே உள்ள நேரம் சுருங்கிவிட்டது. 2002-இல் மேஜிக் கணினியிலேயே ஆடும்படி வந்தது. 2019-இல் 'அரினா' முழுமையாக வெளியானது. உலகம் முழுக்க ராத்திரி பகலாக ஆடுகிறார்கள். ஒருவர் கண்டுபிடித்தது ஒரு வாரத்தில் எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்து யோசிப்பதை லட்சம் பேர் சேர்ந்து சோதிப்பதோடு மோதவிட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

காப்பியிலும் கற்றுக்கொள்ளலாம்

ஆம்பூர் பிரியாணியை எடுத்துக்கொள்ளுங்கள். சீரக சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் அரைத்த விழுது, பக்கத்தில் கத்தரிக்காய். பட்டியல் ஊருக்கே தெரியும், ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் அதே பட்டியலை வைத்து இரண்டு பேர் செய்தால் ஒரே ருசி வருகிறதா? நெருப்பு எப்போது குறைக்க வேண்டும், தம் எப்போது உடைக்க வேண்டும் என்பது பட்டியலில் எழுதியிருக்காது. மெட்டா டெக்கும் அப்படித்தான். 60 அட்டையின் பெயர் தெரிந்தால் டெக் கையில் இருக்கிறது, ஆட்டம் கையில் இல்லை. முதல் கை அட்டைகளை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா? எதிரியின் எந்த அட்டைக்குப் பதில் சொல்வது, எதை விட்டுவிடுவது? ஆடி ஆடித்தான் வரும். அதனால்தான் ஒரே டெக்கை இருநூறு பேர் கொண்டுவந்தாலும் கடைசி எட்டில் பழைய முகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு, செஸ். அங்கே டெக் கிடையாது, ஆனால் ஓப்பனிங் உண்டு. முதல் பதினைந்து இருபது நகர்த்தல்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 2008-இல் பான் நகரில் விஸ்வநாதன் ஆனந்த் கிராம்னிக்கோடு உலகப் பட்டத்துக்கு ஆடினார். மூன்றாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு 'மெரான்' என்ற நன்றாகத் தெரிந்த பாதையில் போய், அதன் நடுவே எதிரி எதிர்பார்க்காத ஒரு பிஷப் நகர்த்தலை வைத்தார். கிராம்னிக் தடுமாறித் தோற்றார். ஐந்தாவது ஆட்டத்தில் மறுபடியும் அதே பாதை, மறுபடியும் ஆனந்துக்கு வெற்றி. போட்டி 6.5 - 4.5 என்று முடிந்தது.

அந்தப் புது நகர்த்தல் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஊரே அறிந்த பாதையை முழுக்கக் கரைத்துக் குடித்த பிறகு, உதவியாளர் குழுவோடு மாதக்கணக்கில் உழைத்து, அதன் ஒரு வளைவில் கண்டெடுத்தது. புதுசாகச் செய்ய ஆசைப்படுகிறவனுக்குப் பழசு தெரிந்திருக்க வேண்டும். மெட்டா டெக்கை ஒரு மாதம்கூட ஆடிப் பார்க்காமல் அதை வெல்ல டெக் கட்டுகிறேன் என்பவன், வினாத்தாளைப் பார்க்காமலே விடை எழுதுகிறான்.

ஆனால் ஒரு எல்லை உண்டு

இதுவரை படித்தவர்கள், "அப்போ நெட்டெக்தான் சரி என்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. ஒரு டெக் வலுவாக இருப்பது வேறு, அதற்கு அதுவே மட்டும்தான் பதில் என்ற நிலை வருவது வேறு.

நல்ல மெட்டாவில் ஒரு சுழற்சி இருக்கும். வேகமான டெக்கை ஒரு தடுப்பு டெக் வெல்லும், தடுப்பு டெக்கை ஒரு பொறுமையான பெரிய டெக் வெல்லும், பெரிய டெக்கை மறுபடி வேகமானது முந்திக்கொள்ளும். கல், பேப்பர், கத்தரி மாதிரி. இங்கே சொந்தமாக யோசிக்கிறவனுக்கு எப்போதும் ஒரு சந்து கிடைக்கும். போன வாரம் எல்லோரும் கல் கொண்டுவந்தார்களா, இந்த வாரம் நான் பேப்பர்.

சுழற்சி நின்றுபோனால்தான் பிரச்சினை. 1998 கடைசியில் மேஜிக்கில் அப்படி ஆனது. எதிரி இரண்டு மூன்று அட்டை போடுவதற்குள் ஆட்டத்தையே முடித்துவிடும் டெக்குகள் வந்தன. நிறுவனம் அட்டைகளைத் தடை செய்துகொண்டே போக வேண்டியிருந்தது. 2003-இல் 'மிரோடின்' தொகுப்பு வந்தபோது மறுபடி அதே கதை. 2004-இல் ஒரு அட்டையைத் தடை செய்தார்கள், போதவில்லை. 2005 மார்ச்சில் ஒரே அடியாக 8 அட்டைகளைத் தடை செய்தார்கள். 2011-இல் 'ஜேஸ்', 'ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்' என்ற இரண்டு அட்டைகள் ஜூலை 1 முதல் தடை. 2019 நவம்பரில் 'ஓகோ' தடை.

இருப்பதில் வேடிக்கையானது 2024-இன் கதை. அந்த வருஷம் வந்த ஒரு பறவை அட்டையின் பெயர் 'நாடு'. (நம்ம நாடு இல்லை, ஆங்கிலக் கற்பனைப் பெயர்!) ஜூன் மாதம் ஆம்ஸ்டர்டாமில் நடந்த புரோ டூர் போட்டியில் அதிகம் பேர் கொண்டுவந்ததும் அந்தப் பறவை டெக்தான், கோப்பையைத் தூக்கியதும் அதுதான். ஆட்டமோ அறுவை. ஒருவன் தன் முறையில் பத்து நிமிஷம் அட்டையைப் புரட்டிக்கொண்டே இருப்பான், எதிரில் இருப்பவன் கொட்டாவி விட வேண்டும். ஆகஸ்டில் 'மாடர்ன்' வகைப் போட்டிகளில் அதைத் தடை செய்தார்கள். அப்போது அதை வடிவமைத்தவரே வெளிப்படையாக எழுதினார்: அந்த அட்டையைக் கடைசி நேரத்தில் மாற்றினோம், மாற்றிய வடிவத்தைச் சோதித்துப் பார்க்கவில்லை என்று.

இப்போது சொல்லுங்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு 'நாடு' டெக் கொண்டுபோனவன் சோம்பேறியா? விமானச் செலவு செய்து போகிறவன் ஜெயிக்கிற டெக்கைத்தான் கொண்டுபோவான். தப்பு நடந்தது அலுவலகத்தில், திட்டு விழுந்தது மேசையில். இந்த மாதிரி நேரத்தில் "எல்லோரும் கிரியேட்டிவாக ஆடுங்கள்" என்று உபதேசம் செய்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தடைப் பட்டியல் வந்த மறுநாள் பாருங்கள், நேற்று வரை காப்பி அடித்தவர்களே விதவிதமான டெக்குகளோடு வருவார்கள். ஆள் அதே ஆள்தான், விதி மாறியிருக்கிறது.

ஆவாரம்பட்டையும் தடைப் பட்டியலும்

இனி நம்ம ஊர்க் கதை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பாலாற்றை ஒட்டிய இந்தத் தோல் பட்டை, பல தலைமுறைகளாக ஒரே 'டெக்'கை ஆடிக்கொண்டிருந்தது. தோலை ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டு, பாதி முடிந்த சரக்காகக் கப்பலேற்றுவது. இதற்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றே பெயர். பட்டை பக்கத்திலேயே கிடைத்தது, தண்ணீருக்குப் பாலாறு, சென்னைத் துறைமுகத்துக்கு ரயில். எல்லாச் சாதகமும் ஒரே திசையில் இருந்தது. மீதி வேலையை, அதாவது அந்தத் தோலுக்கு மெருகேற்றி ஷூவாகவும் பையாகவும் மாற்றி நல்ல லாபம் பார்க்கும் வேலையை, வெளிநாட்டுக்காரன் செய்தான்.

நம்ம ஆட்களுக்கு ஷூ தைக்கத் தெரியாதா? மெருகேற்றக் கற்றுக்கொள்ள முடியாதா? சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-லேயே வந்துவிட்டது. அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழைய டெக் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது புதுசு எதற்கு என்ற கணக்கு. அந்தக் கணக்கில் தப்பும் இல்லை.

1972-இல் மத்திய அரசு சீதாராமய்யா தலைமையில் குழு போட்டது. 1973-இல் விதி மாறியது. பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை, பாதி பதனிட்ட தோலுக்கு அளவுக் கட்டுப்பாடு, முழுதாக மெருகேற்றிய தோலுக்கு ஊக்கம். கார்டு பாஷையில் சொன்னால், மெட்டா டெக்கின் முக்கிய அட்டைகளுக்குத் தடை விழுந்தது. கூச்சல் எழாமல் இருந்திருக்காது. மெருகேற்றும் இயந்திரங்களுக்கு முதலீடு வேண்டும், எல்லோராலும் முடியவில்லை. ஆனால் அதற்கடுத்த ஆண்டுகளில் இந்தப் பட்டை மெருகேற்றிய தோலுக்கு மாறியது, பிறகு ஷூவின் மேல்பாகம், பிறகு முழு ஷூ. இன்றைக்கு ஆம்பூர் என்றதும் ஷூ கம்பெனி நினைவுக்கு வருகிறது என்றால், காலையில் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்றால், அந்த விதி மாற்றத்துக்கும் அதில் பங்கு உண்டு.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். புது டெக்குக்கும் ஒரு விலை இருந்தது. தோல் பதனிடுவதில் குரோமிய முறை பரவியது, கழிவு பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கியது. கிணற்று நீர் கெட்டது, வயல்கள் பாழாயின. அட்டை விளையாட்டில் நடப்பதை இதோடு சமமாக வைக்கக் கூடாது, இது குடிக்கிற தண்ணீர். கடைசியில் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது, தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது, கழிவுநீர் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது. பாலாறு இன்றும் முழுதாகத் தேறிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதில் கற்க இரண்டு உண்டு. ஒன்று, புதுமை வேண்டும் என்றால் விதியை மாற்ற வேண்டும், உபதேசம் போதாது. இரண்டு, விதியை ஒருமுறை மாற்றிவிட்டுத் தூங்கிவிடக் கூடாது. புதுசாக ஜெயிக்க ஆரம்பிப்பது எதைக் கெடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தாமதித்தால் அனுபவிப்பது வேறு யாரோ.

காசு என்கிற அட்டை

மெட்டா டெக் பற்றிப் பேசும் வெளிநாட்டுக் கட்டுரைகள் பல, நம்மூர் ஆட்களுக்கு முக்கியமான ஒன்றை ஓரமாக வைத்துவிடும். காப்பி அடிக்கவும் காசு வேண்டும்!

2011-இல் தடையான அந்த 'ஜேஸ்' அட்டையின் விலை ஒரு கட்டத்தில் 100 டாலரைத் தொட்டது. அன்றைக்கு டாலர் சுமார் 45 ரூபாய். ஒரு டெக்குக்கு 4 ஜேஸ். ஆக 60-இல் நாலு அட்டைக்கே கிட்டத்தட்ட 18,000 ரூபாய். ஷூ கம்பெனி சம்பளத்தில் ஓடுகிற வீட்டுப் பையன் இதை வாங்குவானா? வாங்கினாலும், தடை வந்த மறுநாள் அந்த அட்டையின் மவுசு என்ன ஆகும்?

இங்கே "சொந்த டெக்தான் உயர்ந்தது" என்ற பேச்சு இன்னும் மோசமாகிறது. காசு இருப்பவன் மெட்டா டெக் வாங்கி ஜெயிப்பான். இல்லாதவன் கையில் இருப்பதை வைத்து ஏதோ கட்டித் தோற்பான், அவன் முதுகைத் தட்டி "உன் டெக் ரொம்ப கிரியேட்டிவ்" என்போம். அது பாராட்டு மாதிரி தெரிந்தாலும் ஆறுதல் பரிசுதான். அவனும் ஜெயிக்கத்தானே வந்தான்?

கார்ஃபீல்ட் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, ஜனங்கள் ஒரு போர்டு கேமுக்குச் செலவழிக்கும் அளவுக்குத்தான் அட்டை வாங்குவார்கள் என்று நினைத்தாராம். ஆரம்பத்தில் ஒரே அட்டை இத்தனைக்கு மேல் கூடாது என்ற விதிகூட இல்லை. ஆட்டக்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிக் குவித்த பிறகுதான் நாலு என்ற எல்லை வந்தது. அதாவது ஆட்டத்தின் ஆதி விதிகளில் ஒன்றே காசையும் காப்பியையும் கட்டுப்படுத்த வந்ததுதான்.

என்ன செய்யலாம்?

கல்லூரி விழாக்களிலும் விடுதிகளிலும் போட்டி நடத்துகிறவர்களுக்கு மூன்று வழி கையிலேயே இருக்கிறது.

முதலாவது, 'பாப்பர்'. அதாவது ஏழை ஆட்டம். சாதாரண ரக அட்டைகள் மட்டும் அனுமதி, அரிய அட்டை எதுவும் கூடாது. 2019-இல் இதற்கு அதிகாரபூர்வமான பொது விதி வந்தது. இதிலும் மெட்டா உண்டு, வலுவான டெக்குகள் உண்டு. ஆனால் காப்பி அடிக்க ஆசைப்படுகிறவனாலும் அடிக்க முடிகிற விலையில் இருக்கும்.

இரண்டாவது, 'டிராஃப்ட்'. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பாக்கெட்டைப் பிரித்து, ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் தள்ளுவது. இப்படி மூன்று பாக்கெட். கிடைத்ததை வைத்து அங்கேயே 40 அட்டை டெக் கட்ட வேண்டும். வீட்டிலிருந்து எதையும் கொண்டுவர முடியாது. எந்தெந்த அட்டை நல்லது என்று படித்துவிட்டு வரலாம், ஆனால் முழு டெக்கை யாராலும் மனப்பாடம் செய்துவிட்டு வர முடியாது.

மூன்றாவதுதான் நம்ம பாக்கெட்டுக்கு ஏற்றது, 'க்யூப்'. நண்பர்கள் சேர்ந்து 360 அட்டைகளை ஒருமுறை சேர்த்து வைத்துக்கொள்வது. எட்டுப் பேருக்குத் தலைக்கு 45 வீதம் சரியாக வரும். கலைத்து, 15 அட்டை வீதம் பிரித்து, டிராஃப்ட் ஆடிவிட்டுத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அடிப்படை நில அட்டைகள் மட்டும் தனியாக வேண்டும். ஒரு முறை செலவு, வருஷக்கணக்கில் ஆட்டம். ஒரு அட்டை மட்டும் ஆட்டத்தைக் கெடுக்கிறதா? தூக்கிவிட்டு வேறு போடுங்கள். அமெரிக்காவிலிருந்து தடைப் பட்டியல் வரக் காத்திருக்க வேண்டாம், உங்கள் விடுதியின் தடைப் பட்டியலை நீங்களே போடலாம்.

"அப்படியானால் உண்மையான போட்டித் திறமை எங்கே போயிற்று?" என்று மெட்டா ஆட்கள் கேட்பார்கள். அதற்கும் செஸ்ஸில் பதில் இருக்கிறது. மனப்பாட ஓப்பனிங் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று சொல்லி, 1996-இல் பாபி ஃபிஷர் ஒரு முறையை அறிவித்தார். பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைப்பது, மொத்தம் 960 ஆரம்ப நிலைகள். அதன் வழியில் வந்ததுதான் ஃப்ரீஸ்டைல் செஸ். 2025 ஜூலையில் லாஸ் வேகஸில் நடந்த ஃப்ரீஸ்டைல் போட்டியில் நம்ம பிரக்ஞானந்தா கார்ல்சனைத் தோற்கடித்தார். அதே வருஷத்தின் ஆரம்பத்தில், மனப்பாடமும் தயாரிப்பும் நிறைந்த பழைய முறையில் விக் ஆன் ஸேவில் டாட்டா ஸ்டீல் போட்டியையும் ஜெயித்தவர் அவர். திறமை உள்ளவன் இரண்டிலும் ஜெயிக்கிறான். குலுக்கிப் போட்டால் திறமை காணாமல் போகாது, தயாரிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது, அவ்வளவுதான்.

பெரிய போட்டிக்குப் போகிறவன் மெட்டா டெக்கைக் கூச்சப்படாமல் ஆடட்டும், கரைத்துக் குடிக்கட்டும், அதிலேயே ஒரு நாள் தன் பிஷப் நகர்த்தலைக் கண்டுபிடிக்கட்டும். சொந்த டெக் கட்டுகிறவன் தோற்றதற்குக் காரணம் கேட்டு அடுத்த வாரம் மாற்றிக் கட்டட்டும். இரண்டு பேரையும் திட்டுவதை நிறுத்திவிட்டு, அடுத்த முறை போட்டி அறிவிப்பு ஒட்டுகிறவரிடம் "என்ன ஃபார்மேட்?" என்று கேளுங்கள். அவர் "கொண்டுவர வேண்டியது உங்கள் டெக்" என்றால், பாதிப் பரிசு ஏற்கெனவே யார் வீட்டுக்குப் போய்விட்டது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

360 அட்டை சேர்க்க எட்டுப் பேர் போதும். உங்கள் வகுப்பில் எட்டுப் பேர் தேறுவார்களா?